மைஃபோர்டு லேத்துக்கு உதிரிபாகம் தேடினேன்: உக்கடம், செம்புதாஸ் தெரு, கணபதி

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பல் சக்கரம் வெட்டும் பட்டறையைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஆனால் அங்கே போய்ச் சேர எனக்கு ஏழு மாதம் பிடித்தது. நடுவில் எங்கெல்லாம் அலைந்தேன், எங்கே காசு போனது, எங்கே நல்ல பொருள் கிடைத்தது என்பதையும் சொன்னால்தான் பழைய லேத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் இன்னொருவருக்கு உபயோகப்படும்.

நான் ஸ்பின்னிங் மில்லில் 22 வருடம் பிட்டராக இருந்தவன். போன வருடம் ஒரு பழைய கருவி ரிப்பேர் கடையை மூடும்போது, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மைஃபோர்டு எம்எல் 7 லேத்தை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் பீஸ்டன் என்ற ஊரில் செய்த சின்ன லேத் இது. 1946-ல் வந்த மாடல். சென்டர் உயரம் மூன்றரை இஞ்ச்தான். மேஜை மேல் வைத்து ஓட்டலாம். கடிகாரப் பாகம், மாடல் என்ஜின், சின்ன புஷ் என்று நுணுக்கமான கடைசல் வேலைக்கு இதை மிஞ்ச முடியாது என்பது என் கருத்து. அந்த பீஸ்டன் ஆலை 2011-ல் மூடப்பட்டது.

மெஷினைப் பிரித்துக் கழுவி எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பினேன். பெட் நன்றாக இருந்தது. சக்குக்கு (வேலைத் துண்டைப் பிடிக்கும் பாகம்) பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தேய்மானம். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு நட்டில் கால் சுற்று பேக்லாஷ், அதாவது திசை மாற்றித் திருகும்போது வரும் வெற்றுச் சுற்று. டிரிப் ஆயிலர் இரண்டில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. ஜிப்பை (ஸ்லைடு ஆடாமல் பிடிக்கும் பட்டை) இறுக்கும் ஸ்க்ரூ பாதியைக் காணோம். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சேஞ்ச் வீல் பெட்டியைத் திறந்தபோதுதான் வயிறு கலங்கியது.

மரை வெட்டுவதற்கான சேஞ்ச் வீல்கள் 20 பல்லில் தொடங்கி ஐந்தைந்தாக 75 பல் வரை இருக்க வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் 30, 45, 60, 75 நான்கும் இல்லை. அதாவது மூன்றால் வகுபடும் சக்கரம் ஒன்றுகூட இல்லை. இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஸ்பிண்டிலின் (சக்கைச் சுற்றும் தண்டு) சுழற்சியை, டூலை நகர்த்தும் லீடு ஸ்க்ரூவுக்குக் கொண்டுபோவது இந்தச் சக்கரங்கள்தான்; இந்த லேத்தின் லீடு ஸ்க்ரூ இஞ்சுக்கு 8 மரை. சக் மாட்டும் ஸ்பிண்டில் மூக்கோ விட்டம் ஒன்றேகால் இஞ்சுக்கு ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) குறைவு, இஞ்சுக்கு 12 மரை. புதிய சக் வாங்கினால் அதை மூக்கில் மாட்டுவதற்கான பேக் பிளேட் என்ற தட்டை நாமே கடைந்து, உள்ளே அந்த 12 மரை வெட்ட வேண்டும். எட்டைப் பன்னிரண்டாக்க இரண்டுக்கு மூன்று விகிதம் வேண்டும். 20-க்கு 30, 30-க்கு 45, 40-க்கு 60, 50-க்கு 75. எந்த ஜோடியை எடுத்தாலும் என்னிடம் இல்லாத சக்கரம் ஒன்று அதில் இருக்கிறது. மீதி இருந்த வீல்களை எப்படிக் கூட்டிக் கோத்தாலும் அந்த மூன்று வரவே வராது. ஒரு ராத்திரி முழுக்க நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

முதலில் உக்கடம் பழைய இரும்புக் கடைகள். மூன்று சனிக்கிழமை போனேன். சக்கரம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் நம்பர் மோர்ஸ் டேப்பர் (கூம்பு அளவு) சென்டர் இரண்டும், அதே டேப்பரில் ஒரு டிரில் சக்கும் கிடைத்தன. எடைக்கு எடை விலைதான். எல்லாம் சேர்த்து 600 ரூபாய். உக்கடம் போகிறவர்கள் ஒரு வெர்னியரும், நம்மிடம் இருக்கும் ஸ்லீவும் கையோடு கொண்டு போங்கள். டேப்பரை ஸ்லீவில் போட்டுத் தட்டி, திருகிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காலை ஒன்பது மணிக்குள் போவது நல்லது, மதியத்துக்கு மேல் லோடு ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

மோட்டாரும் பெல்ட்டும் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரை ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரும் ஏ செக்‌ஷன் பெல்ட்டும் கோயம்புத்தூரில் கிடைக்காவிட்டால் வேறெங்கே கிடைக்கும்? 1937-லேயே மோட்டார் செய்த ஊர். அரை நாளில் வேலை முடிந்தது.

அடுத்தது சென்னை. சேரன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, சென்ட்ரலில் டிபன் முடித்துவிட்டு நடந்தே பாரிமுனை போனேன். செம்புதாஸ் தெருவையும் லிங்கிச் செட்டித் தெருவையும் மில் பர்ச்சேஸுக்காக முன்பே எனக்குப் பழக்கம். இந்த முறை சொந்தக் காரியமாகப் போனது தனிச் சந்தோஷம். எனக்கு வேண்டியது பழைய இங்கிலீஷ் மரை ஸ்க்ரூக்கள். என் மெஷினில் பெரிய போல்ட்டெல்லாம் பிஎஸ்எஃப், சின்ன ஸ்க்ரூவெல்லாம் பிஏ. இன்றைக்கு எந்தக் கடையில் கேட்டாலும் மில்லிமீட்டர் மரையைத்தான் எடுத்துப் போடுவார்கள். எனக்கு முன்னால் இந்த லேத்தை வைத்திருந்தவர் யாரோ 2 பிஏ துளையில் 5 எம்எம் ஸ்க்ரூவை ஸ்பானர் போட்டு ஏற்றியிருந்தார். 2 பிஏ விட்டம் 4.7 மில்லிமீட்டர்தான். இரண்டு துளையில் மரை மொத்தமாகச் சிதைந்திருந்தது.

செம்புதாஸ் தெருவில் ஏழாவதாக ஏறிய கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன ஸ்க்ரூவை வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுற்று உருட்டினார். "டூ பிஏ. தலை வேண்டுமா, தலை இல்லாமலா?" என்று கேட்டார். கேஜ் எடுக்கவில்லை, கண்ணாடியும் போடவில்லை. மேல் பலகையிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்துக் காகிதத்தில் கொட்டினார். எண்ணெய்க் கருப்பு ஏறிய, தலையில்லாத கிரப் ஸ்க்ரூக்கள். பன்னிரண்டு எடுத்துக்கொண்டேன். கால் இஞ்ச் பிஎஸ்எஃப் போல்ட்டும் அவரிடமே இருந்தது. எல்லாம் 340 ரூபாய். "டேப் இருக்கா? இல்லாவிட்டால் துளையைச் சுத்தம் பண்ணாமல் போடாதீங்க" என்று சொல்லி, பழைய 2 பிஏ டேப் ஒன்றையும் எடுத்துத் தந்தார். அதற்கு மட்டும் தனியாக 150. இந்தத் தெருவுக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் ஆறு கடையிலும் "அதெல்லாம் நின்னு போச்சு சார்" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள். நின்று போகவில்லை, பத்தடி தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பத்து மணிக்கு முன்னாலும் போகாதீர்கள்.

கிராஸ் ஸ்லைடு நட்டையும் ஸ்க்ரூவையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இங்கேயே செய்யலாமா என்று முதலில் பார்த்தேன். ஒருவர் 2.5 மில்லிமீட்டர் பிட்சில் செய்து தருகிறேன் என்றார். இந்த மெஷினில் கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ இஞ்சுக்கு 10 மரை, அதுவும் இடக்கை மரை. ஒரு சுற்றுக்கு நூறு தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டயலில் நூறு கோடு. 2.5 பிட்ச் போட்டால் ஒரு சுற்றுக்கு 0.04 மில்லிமீட்டர் குறையும். பத்துச் சுற்றில் 0.4. டயல் ஒன்று சொல்லும், டூல் வேறொன்று செய்யும். புது டயல் போட்டால் சரியாகும்தான். ஆனால் இஞ்ச் கணக்கில் பிறந்த மெஷினை அரைகுறையாக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பார்சல் வர ஐந்து வாரம் ஆனது. சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிட்டன. பொருள் அருமை. போட்டதும் பேக்லாஷ் கால் சுற்றிலிருந்து மூன்று கோட்டுக்கு இறங்கியது. அவசரமில்லாதவர்கள், மூன்று நான்கு பொருளைச் சேர்த்து ஒரே பார்சலாக வாங்குங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஹெட்ஸ்டாக் பேரிங்கும் வாங்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சக்கைப் பிடித்துத் தூக்கினால் டயல் கேஜில் நாலரை தவ் ஆட்டம் தெரிந்தது. எம்எல் 7-ல் இருப்பது ஒயிட் மெட்டல் பேரிங். மேல் மூடிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் தகடு ஒன்று இருக்கும். பார்த்தால் ஒற்றைத் தகடு மாதிரித் தெரியும். உண்மையில் அது இரண்டு தவ் கனமுள்ள பித்தளைத் தாள்களை ஒட்டிச் செய்தது. பிளேடு முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் வெங்காயச் சருகு போல ஒரு தாள் உரிந்து வரும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள் உரித்துவிட்டு மூடியை இறுக்கினேன். ஆட்டம் இரண்டரைக்கு வந்தது. இன்னும் ஒன்று உரித்ததும் அரை தவ். கையால் சுற்றினால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு பைசா செலவில்லை. பாகம் வாங்கும் முன் மெஷினையே ஒரு தரம் நன்றாகப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே கிரீஸ் மட்டும் அடைக்காதீர்கள். இந்தப் பேரிங் எண்ணெய்க்கென்றே செய்தது.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன்.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் 60 பல் சக்கரம் போட்டிருந்தார். மைஃபோர்டுக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தது. 2,400 ரூபாய் கட்டினேன். வந்த சக்கரம் பளபளவென்று பார்க்க அழகாக இருந்தது. மைக்ரோமீட்டர் வைத்தேன். வெளி விட்டம் 77.5 மில்லிமீட்டர். என் மெஷினின் சக்கரங்கள் எல்லாம் 20 டிபி, அதாவது ஒரு இஞ்ச் விட்டத்துக்கு 20 பல் என்ற இங்கிலீஷ் அளவு. அந்தக் கணக்கில் 60 பல்லுக்கு வெளி விட்டம், பல்லோடு இரண்டைக் கூட்டி 62-ஐ 20-ஆல் வகுத்தால் 3.1 இஞ்ச், அதாவது 78.74 மில்லிமீட்டர் வர வேண்டும். எனக்கு அனுப்பியது 1.25 மாட்யூல் (பல்லின் மில்லிமீட்டர் அளவு) சக்கரம். 20 டிபி என்பது 1.27 மாட்யூல். தாளில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்தான். ஆனால் பல்லுக்குப் பல் தூரம் என்னுடையதில் 3.99 மில்லிமீட்டர், வந்ததில் 3.93. பல்லின் சாய்வும், அதாவது அழுத்தக் கோணமும் வேறு. பழைய மைஃபோர்டு பல் பதினாலரை டிகிரி, வந்தது இருபது டிகிரி. துளை 16 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது அஞ்சு நூல், அதாவது 15.875. என்னுடைய 40 பல் சக்கரத்தோடு கோத்துக் கையால் சுற்றினேன். ஒவ்வொரு பல்லும் கடக் கடக் என்று இடித்துக்கொண்டே போனது. அந்த ஓட்டத்தில் மரை வெட்டினால் என் பழைய சக்கரமும் சேர்ந்து போயிருக்கும்.

போன் செய்தேன். "கிட்டத்தட்ட அதேதான் சார், ஓட்டிப் பாருங்க, செட்டாயிடும்" என்றார். பல் சக்கரத்தில் கிட்டத்தட்ட என்று ஒன்று கிடையாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. 2,400 ரூபாய் போனது போனதுதான். பொருந்தும் என்ற சொல்லை நம்பாமல் டிபி என்ன, அழுத்தக் கோணம் என்ன, துளை என்ன என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணபதி பட்டறையைச் சொன்னது என் மில் நண்பர். பட்டறைக்காரர் மில்லின் பழைய கார்டிங் மெஷினுக்கு (பஞ்சைச் சிக்கெடுப்பது) சக்கரம் வெட்டித் தந்தவராம். பெயரும் விலாசமும் போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஒரு மில்லிங் மெஷின், ஒரு ஹாபிங் மெஷின், ஒரு உதவியாள், அவ்வளவுதான் பட்டறை. கூட்டம் வந்தால் தாங்காது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறைகளில் கேட்டால் இப்படிப்பட்டவர்களை நாலு பேராவது காட்டுவார்கள்.

பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் 40 பல் சக்கரத்தை நீட்டி, "இதே மாதிரி அறுபது பல்லில் வேணுங்க" என்றேன். விலை சொல்லவில்லை. சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பல்லைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது இங்கிலீஷ் சக்கரமாட்ட இருக்குதே. டிபி என்னங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே வேலை பாதி முடிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இருபது என்றேன். "கோணம்?" பதினாலரை என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கட்டர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தைத் துடைத்துப் படித்தார். 20 டிபி, பதினாலரை டிகிரி, நம்பர் 2.

டிபி கட்டரில் எட்டு நம்பர் உண்டு. நம்பர் 2 என்பது 55 பல்லிலிருந்து 134 பல் வரை வெட்டும். அப்படியானால் எனக்கு வேண்டிய 60, 75 இரண்டும் ஒரே கட்டரில் முடியும். 45-க்கு நம்பர் 3 வேண்டும், 30-க்கு நம்பர் 4. அவை இரண்டும் பெட்டியில் இல்லை. "இப்போதைக்கு இந்த ரெண்டும் பண்ணித் தர்றனுங்க. உங்க வேலைக்கு நாப்பதுக்கு அறுபது போதுமுங்களே" என்றார். அவர் கேட்காமலே என் கணக்கைப் போட்டு முடித்திருந்தார்.

வார்ப்பிரும்பு பிளாங்க் (பல் வெட்டாத வட்டு) நானே கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. பம்பு வார்க்கும் பட்டறை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டை இரண்டு வாங்கி, தெரிந்த டர்னரிடம் 78.74-க்கும் 97.79-க்கும் கடைந்து, அஞ்சு நூல் ரீமர் விட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெட்டும்போது பக்கத்தில் நிற்க அனுமதித்தார். சக்கரத்தைச் சம அளவாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் பதினைந்து துளை வட்டம். 60 பல் சக்கரத்துக்கு ஒவ்வொரு பல்லுக்கும் பத்துத் துளை தள்ள வேண்டும், 75-க்கு எட்டுத் துளை. தட்டை மாற்றவே தேவையில்லை. பல்லின் ஆழம் 2.74 மில்லிமீட்டர். அதை ஒரே மூச்சில் போடாமல் இரண்டு வெட்டாக எடுத்தார். முதல் சுற்று முடிந்ததும் மெஷினை நிறுத்தி, தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, சாக்பீஸில் முதல் பல்லில் ஒரு கோடு போட்டார். கடைசிப் பல் வந்து அந்தக் கோட்டில் சரியாக விழுந்தபோதுதான் இரண்டாவது ஆழத்துக்கு இறங்கினார். வார்ப்பிரும்புத் தூள் கருப்பு மாவு போலக் கொட்டிக்கொண்டே இருந்தது. பேச்சே இல்லை. துளை எண்ணும்போது பேசக் கூடாது என்று உதவியாள் என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தான்.

சக்கரத்துக்கு 1,800 ரூபாய், இரண்டுக்கு 3,600. கீ வே (தண்டோடு பூட்டும் காடி) போட்டது அதிலேயே சேர்த்தி. சொன்னது ஒரு வாரம், எடுத்துக்கொண்டது ஒன்பது நாள். இரண்டு நாள் தாமதத்துக்கு அவரே முந்தின நாள் போன் செய்து சொல்லிவிட்டார். குறை என்று சொன்னால் ஒன்றுதான். பல் ஓரத்தில் பிசிறு கொஞ்சம் இருந்தது, வீட்டில் நானே அரத்தால் எடுத்துக்கொண்டேன். பில் வேண்டும் என்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து 40-ஐயும் 60-ஐயும் கோத்தேன். நடுவில் ஒரு துண்டு நியூஸ் பேப்பரை விட்டு இறுக்கி, பேப்பரை உருவினேன். அந்த இடைவெளி போதும். மோட்டாரைப் போட்டதும் சத்தம் வந்தது, ஆனால் அது சக்கரம் ஓடும் சத்தம், இடிக்கும் சத்தமில்லை. பேக் பிளேட் வெட்டும்போது ஸ்பிண்டில் மூக்கில் முகத்தட்டு மாட்டியிருக்கும். மரை சரியாக ஏறுகிறதா என்று மூக்கில் போட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் முதலில் இரும்புத் துண்டு ஒன்றில் மூக்கின் அளவுக்கே 12 மரை வெட்டி ஒரு டம்மி செய்துகொண்டேன். பிட்ச் கேஜை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினேன். ஒரு பல்லுக்கு அடியிலும் வெளிச்சம் தெரியவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பேக் பிளேட் போன வாரம் முடிந்தது. டம்மியில் ஏறிய மரை மூக்கிலும் கடைசிவரை கையாலேயே ஏறி, முகத்தில் போய் உட்கார்ந்தது. சக் மாட்டிச் சுற்றிப் பார்த்ததில் டயல் கேஜ் ஒன்றரை தவ் காட்டுகிறது. இன்னும் 30-ம் 45-ம் பாக்கி. 20 டிபி, பதினாலரை டிகிரி, நம்பர் 3, நம்பர் 4 கட்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் கீழே எழுதுங்கள், நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். வெட்டி முடித்ததும் கட்டர் இரண்டையும் அண்ணனின் மரப்பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிடுவேன்.